டயப்பருக்கு வயது தெரியாது!

குழந்தைக்கு டயப்பர் வாங்கக் கடைக்குப் போகிறோம். கடைக்காரர் என்ன கேட்கிறார்?

"குழந்தைக்கு எத்தனை மாதம்?"

"ஒரு வயது ஆகிறது" என்கிறோம்.

"அப்படியானால் 'எல்' சைஸ் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டுகிறார். நாமும் பணத்தைக் கொடுத்து வாங்கி வந்துவிடுகிறோம்.

கேள்வியும் தவறு. பதிலும் தவறு. டயப்பருக்கு வயது தெரியாது. அதற்குத் தெரிந்தது எடை ஒன்றுதான்!

கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் இன்று டயப்பர் விற்காத மருந்துக் கடையைப் பார்ப்பது அரிது. கிராமத்து மளிகைக் கடையில்கூட ஷாம்பு பாக்கெட்டுக்குப் பக்கத்தில் டயப்பரும் தொங்குகிறது. மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் தறிக்கும் வேலைக்குப் போகிற வீடுகளில் அதை வாங்குகிறார்கள். அந்தப் பணம் எளிதாக வந்த பணம் அல்ல. அளவு தவறினால் அந்தப் பணம் வீண். அதோடு போகாது, குழந்தையின் தோலும் புண்ணாகும். ஆகவே இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடக் கூடாது.

எழுத்தை விடுங்கள், எண்ணைப் பாருங்கள்

டயப்பர் பாக்கெட்டின் மேலே பெரிதாக ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும். எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று போட்டிருப்பார்கள். அதைக் கண்டு குழம்ப வேண்டாம். அதன் பக்கத்திலேயே இரண்டு எண்கள் இருக்கும். அவைதான் முக்கியம். எத்தனை கிலோ முதல் எத்தனை கிலோ வரை உள்ள குழந்தைக்கு அது பொருந்தும் என்பதை அந்த எண்கள் சொல்லும். ஆங்கிலம் தெரியாத தாயும் எண்ணைப் படித்துவிடலாம்.

கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் அளவுகள் இவை:

பிறந்த குழந்தைக்கு உரியது — 5 கிலோ வரை.
எஸ் (சிறியது) — 4 முதல் 8 கிலோ.
எம் (நடுத்தரம்) — 7 முதல் 12 கிலோ.
எல் (பெரியது) — 9 முதல் 14 கிலோ.
எக்ஸ்எல் (மிகப் பெரியது) — 12 முதல் 17 கிலோ.

கம்பெனிக்குக் கம்பெனி இது சிறிது மாறும். ஒரு கம்பெனியின் 'எம்' மற்றொரு கம்பெனியின் 'எம்' ஆகாது. ஆகவே கம்பெனியை மாற்றும்போதெல்லாம் எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இந்த அளவுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பதைக் கவனித்தீர்களா? ஏழரைக் கிலோ குழந்தைக்கு 'எஸ்' அளவும் சேரும். 'எம்' அளவும் சேரும். எதை வாங்குவது? குழந்தையின் தொடையைப் பாருங்கள். தொடையும் வயிறும் கொழுகொழுவென்று இருந்தால் பெரிய அளவு. ஒல்லியாக இருந்தால் சிறிய அளவு. வளர்ந்துகொண்டிருக்கும் குழந்தைதான் என்றாலும், முதலில் இரண்டொன்று வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு பெரிய பாக்கெட் வாங்குவது புத்திசாலித்தனம்.

"வளர்ற பிள்ளைதானே!"

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. தீபாவளிக்குத் துணி எடுக்கும்போது, "வளர்ற பிள்ளைதானே, கொஞ்சம் பெரிசாவே எடு கண்ணு" என்பார்கள். நல்ல பழக்கம்தான். சட்டை தொளதொளவென்று இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. அடுத்த வருடமும் போடலாம்.

ஆனால், டயப்பர் சட்டை அல்ல! அது ஒரு பாத்திரம் மாதிரி. பாத்திரத்தில் விரிசல் இருந்தால் தண்ணீர் நிற்குமா? பெரிய டயப்பரைச் சின்னக் குழந்தைக்குப் போட்டால் தொடைப் பக்கம் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளி வழியே மூத்திரம் ஒழுகுகிறது. தொட்டில் சேலை நனைகிறது, குழந்தை அழுகிறது. "இந்தக் கம்பெனி மட்டம்" என்று நாம் கம்பெனியைத் திட்டுகிறோம். குற்றம் கம்பெனியுடையது அல்ல. நாம் வாங்கிய அளவினுடையது.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. மலிவாகக் கிடைத்தது என்று மூன்று பாக்கெட் வாங்கி அடுக்கிவிடுகிறோம். அது தீருவதற்குள் குழந்தை வளர்ந்துவிடுகிறது. "இருக்கிறதைத் தீர்த்துவிடலாம்" என்று இறுக்கமாக மாட்டுகிறோம். தொடையில் சிவப்புக் கோடு விழுகிறது. இடுப்பில் தடம் பதிகிறது. வாய் திறந்து சொல்லத் தெரியாத குழந்தை அழுகிறது. பசிக்கிறது என்று நாம் பாலைக் கொடுக்கிறோம்!

எடை போடுவதில் நாம் கெட்டிக்காரர்கள்

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு எடை போடக் கற்றுக்கொடுக்க வேண்டுமா? ஈரோட்டு மண்டியில் மஞ்சளை எடை போடாமல் விற்பது உண்டா? கவுந்தப்பாடி வெல்லமும் பெருந்துறைக் கொப்பரையும் தராசில் ஏறாமல் கைமாறுவது உண்டா? கண்ணபுரம் சந்தையில் காங்கேயம் மாட்டைக் கண்ணால் பார்த்தே மதிப்புப் போட்டுவிடுவார்கள். மாட்டுக்கு அது சரி. பிள்ளைக்குச் சரிப்படாது. தராசு வேண்டும்.

திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் அங்கேதான் பனியன் துணியில் சட்டை தைக்கிறார்கள். டேப்பு வைத்து அளந்து பார்க்கிறார்கள். அளவு தவறிய உருப்படி செக்கிங்கில் தேறாது. ஊரான் பிள்ளைக்கு இவ்வளவு துல்லியமாக அளக்கும் அதே கைகள், சொந்தப் பிள்ளைக்கு மட்டும் குத்துமதிப்பாக வாங்கலாமா?

எடை பார்க்கச் செலவு ஒன்றும் இல்லை. அங்கன்வாடியில் எடை போடுகிறார்கள். காசு கிடையாது. ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று தடுப்பூசிக்குப் போகிறோம் அல்லவா? அப்போதும் எடை பார்க்கலாம். பார்த்த எடையைத் தாய் சேய் அட்டையில் குறித்துத் தரச் சொல்லுங்கள். அந்த அட்டையை ஊசி போட்ட கணக்குக்கு மட்டும் என்று பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள். கடைக்குப் போகும்போது அதை ஒரு முறை பிரித்துப் பாருங்கள்.

வீட்டிலும் பார்க்கலாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி நில்லுங்கள். எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தையை இறக்கி வைத்துவிட்டு மறுபடியும் ஏறுங்கள். முதல் எடை 56½ கிலோ. இரண்டாவது 49 கிலோ. கழித்தால் குழந்தையின் எடை ஏழரைக் கிலோ. அவ்வளவுதான்!

"அடிக்கடி எடை போட்டால் பிள்ளை இளைத்துவிடும், கண் பட்டுவிடும்" என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எடை போட்டதால் எந்தப் பிள்ளையும் இளைத்தது இல்லை. இளைத்த பிள்ளையை முன்னாலேயே கண்டுபிடித்துக் காப்பாற்றியது எடைதான். டயப்பர் வாங்குகிற சாக்கில் மாதம் ஒரு முறை எடை பார்க்கும் பழக்கம் வந்தால், அதைவிட நல்லது வேறு என்ன வேண்டும்?

எந்த அளவு எத்தனை நாள் வரும்?

இது தெரிந்தால் பணம் மிச்சம்.

உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் குழந்தைகளை ஆராய்ந்தது. அதில் நம் நாடும் ஒன்று. 2006-ல் வளர்ச்சிக் கணக்கை வெளியிட்டது. அதன்படி நடுத்தர எடை என்ன? ஆண் குழந்தை பிறக்கும்போது 3.3 கிலோ, பெண் குழந்தை 3.2 கிலோ. இரண்டாவது மாத முடிவில் 5.6 கிலோ, 5.1 கிலோ. ஆறாவது மாதத்தில் 7.9 கிலோ, 7.3 கிலோ. ஒரு வயதில் 9.6 கிலோ, 8.9 கிலோ. இரண்டு வயதில் 12.2 கிலோ, 11.5 கிலோ.

இதிலிருந்து என்ன தெரிகிறது?

பிறந்த குழந்தைக்கான அளவு இரண்டு மாதம்கூட வராது. பல குழந்தைகளுக்கு ஒன்றரை மாதத்திலேயே போதாமல் போய்விடும். பிரசவத்துக்கு முன்பே அதை மூட்டையாக வாங்கி அடுக்குவது வீண். சீர் கொண்டு வரும் உறவினர்களும் இதைக் கவனிக்க வேண்டும். சின்னப் பாக்கெட் ஒன்று போதும். குழந்தை இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்திருந்தால் மட்டும் இந்த அளவு இன்னும் கொஞ்ச நாள் கூடுதலாக வரும்.

'எஸ்' அளவு ஏறக்குறைய ஆறு மாதம் வரைதான்.

'எம்' அளவுதான் நீண்ட நாள் வரும். ஆறு மாதத்துக்கு மேல் குழந்தை எடை போடுகிற வேகம் குறைகிறது. எனவே பல குழந்தைகளுக்கு ஒரு வருடமும் அதற்கு மேலும் இந்த அளவே போதும். தள்ளுபடியில் பெரிய பாக்கெட் வாங்க ஆசையா? இந்த அளவில் வாங்குங்கள்.

ஒரு வயதுக் குழந்தைக்கு 'எல்' என்று சொன்ன கடைக்காரரை இப்போது நினைத்துப் பாருங்கள். ஒரு வயதில் ஒன்பது கிலோ உள்ள குழந்தைக்கு 'எம்' அளவே அழகாகப் பொருந்தும். 'எல்' அளவின் விலையும் கூடுதல், ஒழுகவும் ஒழுகும்!

மாட்டிய பிறகு பார்க்க வேண்டியவை

எண்ணைப் பார்த்து வாங்கினாலும், மாட்டிய பிறகு ஒரு முறை கண்ணாலும் கையாலும் சோதிக்க வேண்டும்.

இடுப்புப் பட்டிக்கும் வயிற்றுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் இறுக்கம். நான்கு விரல் நுழைந்தால் தளர்ச்சி.

கழற்றும்போது தொடையைப் பாருங்கள். சிவந்த தடம் ஆழமாகப் பதிந்திருந்தால் அடுத்த அளவுக்குப் போக வேண்டிய நாள் வந்துவிட்டது. ஒட்டும் பட்டி நடுவுக்கு எட்டாமல் இழுத்துப் பிடித்தாலும் அதே அர்த்தம்தான். தொப்புளுக்கு மேலே வெகுதூரம் ஏறி நின்றால் அளவு பெரிது.

தொடை ஓரத்தில் இருக்கும் சுருக்கு மடிப்பு உள்பக்கம் மடங்கியிருந்தால் வெளியே இழுத்துவிடுங்கள். பாதி ஒழுகல் இதனால்தான் வருகிறது.

பிறந்த குழந்தைக்குத் தொப்புள் கொடி விழும் வரை, டயப்பரின் மேல் ஓரத்தைக் கொடிக்குக் கீழே மடித்துவிட வேண்டும். கொடியில் ஈரம் படக் கூடாது.

மாற்றுவதில் கஞ்சத்தனம் வேண்டாம்

டயப்பருக்குள் என்ன இருக்கிறது? மரக்கூழும் ஒரு வகை ரசாயனத் துகளும் இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் அந்தத் துகள் ஊறிப் பாகு மாதிரி ஆகிவிடும். தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளிப்பக்கம் பிளாஸ்டிக் தாள்.

1940-களில் அமெரிக்காவில் மரியன் டோனவன் என்ற தாய், குளியலறைத் திரைச்சீலையை வெட்டி, இடுப்புத் துணிக்கு மேலே போடும் கசியாத உறை ஒன்றைத் தைத்தார். 1951-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1961-ல் 'பாம்பர்ஸ்' என்ற பெயரில் உபயோகித்துவிட்டு எறியும் டயப்பர் அங்கே கடைக்கு வந்தது. நீரை உறிஞ்சும் துகள் அதில் சேர்ந்தது 1980-களில். அதற்குப் பிறகுதான் டயப்பர் மெலிந்தது. நீண்ட நேரம் தாங்கியது.

நீண்ட நேரம் தாங்கும் என்பதாலேயே ஒரு தவறு நடக்கிறது. காலையில் மாட்டியதைச் சாயங்காலம் கழற்றுகிறார்கள்! "இன்னும் நிறையவில்லையே, பத்து ரூபாய்ப் பொருளாச்சே" என்கிறார்கள். ஈரமும் வெப்பமும் சேர்ந்து உராயும்போது குழந்தையின் மெல்லிய தோல் வெந்துபோகிறது. மலம் பட்டால் இன்னும் சீக்கிரம் புண்ணாகும். ஈரோடு, கரூர் பக்கம் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். நமக்கே தாங்கவில்லை. பிளாஸ்டிக் தாள் சுற்றிய குழந்தைக்கு எப்படி இருக்கும்?

பகலில் இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மலம் கழித்தால் உடனே மாற்ற வேண்டும். தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, சிறிது நேரம் காற்றாட விட வேண்டும். பவுடரைக் கொட்ட வேண்டாம். அந்தத் தூள் குழந்தையின் மூச்சில் போகும். சிவப்பு இரண்டு மூன்று நாளில் ஆறாவிட்டாலும், கொப்புளம் வந்தாலும், காய்ச்சல் அடித்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

மற்றொரு விஷயம். பிறந்து ஐந்தாறு நாள் ஆன குழந்தை ஒரு நாளில் ஆறு முறையாவது மூத்திரம் போக வேண்டும். போனால் பால் போதுகிறது என்று அர்த்தம். துணியில் இது கண்ணுக்குத் தெரியும். டயப்பரில் தெரியாது. ஆகவே கழற்றும்போது கையில் தூக்கிப் பாருங்கள். கனக்கிறதா, லேசாக இருக்கிறதா? லேசாகவே இருந்தால் டாக்டரைக் கேட்க வேண்டும்.

துணியா, டயப்பரா?

இது வீட்டுக்கு வீடு நடக்கும் சண்டை. "நாங்களெல்லாம் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டித்தானே வளர்த்தோம்" என்கிறார் அம்மிச்சி. "துவைத்துப் போட எனக்கு எங்கே நேரம்? ஷிப்டுக்குப் போக வேண்டாமா?" என்கிறாள் மகள்.

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். நாள் முழுவதும் டயப்பர் என்பதும் தவறு. டயப்பரே கூடாது என்பதும் தவறு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டயப்பர் பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு ஆறு போட்டால் அறுபது ரூபாய். மாதம் 1,800 ரூபாய். ராத்திரிக்கு ஒன்று, பயணத்துக்கோ வேலைக்குப் போகும் நேரத்துக்கோ ஒன்று என்று இரண்டோடு நிறுத்தினால் 600 ரூபாய். மீதி 1,200 ரூபாய் குழந்தையின் முட்டைக்கும் பழத்துக்கும் ஆகும்.

பகலில் வீட்டில் யாராவது இருந்தால் பருத்தித் துணியே போதும். 2015-ல் தமிழக அரசு கொண்டுவந்த குழந்தைப் பரிசுப் பெட்டகத்தில் இருந்த 16 பொருள்களில் துணி நாப்கினும் ஒன்று. குழந்தையைக் காலில் உட்கார வைத்து, நேரம் பார்த்து மூத்திரம் போக வைக்கும் பாட்டியின் வித்தையையும் விட்டுவிடாதீர்கள். டயப்பர் வந்தது என்பதற்காக அந்தப் பழக்கம் போய்விடக் கூடாது.

இதில் அப்பாக்களுக்கும் வேலை உண்டு. கடைக்குப் போகிறவர் பெரும்பாலும் அவர்தான். செல்போனில் வீட்டுக்குக் கூப்பிட்டு "எந்த சைஸ்?" என்று கேட்கும் அப்பாவுக்கு, தன் பைக் ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பது தெரியும். குழந்தை எத்தனை கிலோ என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

கம்பெனிகளுக்கு ஒரு வார்த்தை

டயப்பருக்கு 2021-ல் இந்தியத் தர நிர்ணயம் வந்தது. நல்லது. ஆனால், நம் ஊர்த் தாய் படிக்கும்படியாக உறையில் என்ன இருக்கிறது? சிரிக்கும் குழந்தையின் படம் பெரிதாக இருக்கிறது. கிலோ கணக்கு மூலையில் ஒதுங்கி நிற்கிறது. அதைத் தமிழில், பெரிய எழுத்தில், முன்பக்கத்திலேயே போட வேண்டும். தமிழ்நாட்டில் விற்றுப் பணம் பார்ப்பவர்கள், தமிழில் நான்கு வார்த்தை அச்சடிக்கக் கூடாதா?

கடைக்காரர்களும் "எத்தனை மாதம்?" என்று கேட்பதை விட்டு, "எத்தனை கிலோ?" என்று கேட்க வேண்டும். பெரிய பாக்கெட்டைப் பிரித்து நான்கு ஐந்தாகவும் சில்லறையில் தர வேண்டும்.

கோவையில் 1956 முதல் 'சிட்ரா' என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மருத்துவத் துணிகள் பற்றிய ஆராய்ச்சியும் அங்கே நடக்கிறது. பருத்தியில் பெயர் வாங்கிய ஊர் இது. நம் வெயிலுக்கு ஏற்ற, நம் தாய்மார்களின் பைக்கு ஏற்ற, துவைத்துக் கட்டும் நல்ல இடுப்புத் துணியை நம் மில்கள் ஏன் மலிவாகச் செய்து தரக் கூடாது?

கழற்றியது எங்கே போகிறது?

வாய்க்காலில் மிதக்கிறது, நாய் இழுத்துத் தெருவில் போடுகிறது. பிளாஸ்டிக் கலந்த பொருள் மட்காது. கக்கூஸில் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். கொளுத்தினால் புகை நம் குழந்தையின் மூச்சுக்குள்தான் போகும். மலத்தைக் கக்கூஸில் தட்டிவிட்டு, டயப்பரைச் சுருட்டி, பழைய செய்தித்தாளில் சுற்றிக் கட்டி, குப்பை வண்டிக்காரரிடம் தனியாகக் கொடுங்கள். 2016-ல் வந்த குப்பை விதிகளும் இப்படிச் சுற்றித் தரச் சொல்லின. அதைக் கையால் தொடுபவரும் ஒரு வீட்டுக்குத் தாயோ தகப்பனோதான். அளவு சரியாக இருந்தால் ஒழுகாது, ஒழுகாவிட்டால் வீணாக மாற்ற வேண்டியது இல்லை, குப்பையும் குறையும்.

தாய்மார்களே! புதன்கிழமை தடுப்பூசிக்குப் போகும்போது குழந்தையின் எடையைக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் நாள்காட்டித் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை கடைக்காரர், "குழந்தைக்கு எத்தனை மாதம்?" என்று கேட்டால், "ஏழரைக் கிலோ" என்று பதில் சொல்லுங்கள். நான்கு தாய்மார்கள் இப்படிச் சொன்னால், ஐந்தாவது ஆளிடம் அவரே எடையைக் கேட்பார்.